கண்டதை எழுதுகிறேன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிய அன்று, "கண்டதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்" என்று எங்கள் தமிழ்ப் பேராசிரியர் வகுப்பில் எச்சரித்தார். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் அந்தச் சொல் மனத்தில் தங்கிவிட்டது. எழுதினால் கண்டதைத்தான் எழுத வேண்டும், காணாததை எழுதக் கூடாது என்று அன்று மாலையே முடிவு செய்தேன். சென்ற தை முதல் சித்திரை வரை எங்கள் வீட்டுப் புறவாசலில் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றின் வழியே நான் கண்ட சில மங்கலான ஒளித் திட்டுகளைப் பற்றியது இக்கட்டுரை. ஆங்கிலத்தில் அவற்றைப் பிளானட்டரி நெபுலா என்பார்கள். நாம் கோள்வடிவ நெபுலா எனலாம்.

தொலைநோக்கி என்னுடையது அன்று. நம் இயற்பியல் துறையின் ஸ்டோர் ரூமில், பலகை அலமாரிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தது. நமக்கு முன் இங்கே படித்த யாரோ சிலர், இரண்டு கண்ணாடி வட்டுகளைக் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு ஒன்றன்மேல் ஒன்று தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய குழியாடி அதில் இருக்கிறது. குவியத் தூரம் 1200 மில்லிமீட்டர். 25 மி.மீ. கண்ணருகு வில்லையைப் பொருத்தினால் 48 மடங்கு, 10 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் 120 மடங்கு பெரிதாகத் தெரியும். பொங்கல் விடுமுறைக்கு முன் பேராசிரியரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப் போ என்றார். அவ்வளவுதான்! இத்தனை எளிதாகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முதலாண்டிலேயே கேட்டிருப்பேன். ஆட்டோவில் அந்தக் குழாயைக் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தபோது, வாகையடி முக்கில் நின்றவர்கள் போர்வெல் குழாயா என்று விசாரித்தார்கள்.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுணில், ரத வீதி ஒன்றிலிருந்து பிரியும் சந்தில் உள்ள ஒரு வளவில் இருக்கிறது. ஏழு குடித்தனம். ஏழுக்கும் சேர்த்து ஒரே புறவாசல். கிணறு, துவைக்கிற கல், ஒரு முருங்கை, ஒரு தென்னை. மதிலுக்கு மேலே தெற்கு வானம். இதுதான் என் வானாய்வுக்கூடம்.

நெபுலா என்பது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்மீனுக்கும் முதுமை உண்டு. நம் சூரியனைப் போன்ற ஒரு மீன் தன் நடுப்பகுதியில் உள்ள ஹைட்ரஜனைத் தீர்த்துவிட்டால், ஊதிப் பருத்துச் சிவந்து போகிறது. பிறகு தன் மேலடுக்குகளை மெல்ல மெல்ல வெளியே தள்ளிவிடுகிறது. எஞ்சி நிற்பது கொதிக்கும் ஒரு சிறு கரு. அதிலிருந்து வரும் புறஊதாக் கதிர் பட்டு, வெளியே போன வாயு ஒளிர்கிறது. இதுவே கோள்வடிவ நெபுலா. பத்தாயிரம், இருபதாயிரம் ஆண்டுகளில் வாயு கலைந்துவிடும். கரு வெண்குள்ளனாகக் குளிரும். நம் சூரியனும் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகள் கழித்து இப்பாதையில்தான் போகும்.

கோளுக்கும் இதற்கும் ஓர் உறவும் இல்லை. 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், அதே போலச் சிறு வட்டமாக, வெளிறிய நிறத்தோடு இவை தெரிந்ததால் கோள் போன்றவை என்று பெயர் வைத்தார். பெயர் தவறு என்று தெரிந்த பிறகும் அது ஒட்டிக்கொண்டது. எங்கள் சந்தில் ஒருவரைப் 'பட்டாளத்தார்' என்பார்கள். அவர் பட்டாளத்துக்குப் போனதே இல்லை. அதைப் போலத்தான் இதுவும். ஹெர்ஷலுக்கு முன்னால், 1764இலேயே, பிரான்சில் மெசியர் என்பவர் இவ்வகையில் ஒன்றைக் கண்டிருக்கிறார். ஆனால் அவர் தேடியது வால்மீன்களை. வால்மீன் என்று ஏமாந்துவிடக் கூடாதவை என ஒரு பட்டியல் போட்டு, அதில் 27ஆவதாக இதைச் சேர்த்தார். தொந்தரவு என்று குறித்து வைத்த பொருள் இன்று அவர் பெயராலேயே எம் 27 என்று வழங்குகிறது!

இனி என் தவற்றைச் சொல்கிறேன். தை மாதத்தில் முதன்முதலாக நான் தேடிய நெபுலா என்.ஜி.சி. 2392. மிதுன ராசியில், இரவு பத்து மணிக்கு நம் தலைக்குமேல் ஏறக்குறைய உச்சியில் வந்து நிற்கும். அதற்குக் 'கோமாளி முகம்' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. இரண்டு இரவுகள் தேடி, மூன்றாம் இரவு கண்டுபிடித்தேன். உடனே நோட்டை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் எழுதினேன்: "வட்டமான முகம். சுற்றிலும் குல்லாய் போன்ற விளிம்பு. முகத்தில் கண், மூக்கு போன்ற அடையாளங்கள்." எழுதி முடித்த மகிழ்ச்சியோடு மறுபடி ஒருமுறை வில்லையில் கண்ணை வைத்தேன். முகமும் இல்லை, மூக்கும் இல்லை! ஒரு மீன், அதைச் சுற்றி ஊதிய மூச்சைப் போல ஒரு மங்கல். அவ்வளவே. நான் எழுதியதெல்லாம் நூலகத்துப் புத்தகத்தில் பார்த்த படம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பொய் சொல்லவில்லை; பொய் எழுதினேன் என்றும் சொல்ல முடியாது. கண் கண்டது என்றே நம்பித்தான் எழுதினேன். ஆனால் படித்தது முந்திக்கொண்டு வந்து, கண்டதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

நண்பர்களே, இது எங்கே பழகிய பழக்கம்? நம் ஆய்வகத்தில்தான். ஊசல் சோதனை செய்து ஈர்ப்பு முடுக்கம் காண்கிறோம். விடை 980 என்று வர வேண்டும் என்பது சீனியர்கள் நமக்குச் சொல்லித்தரும் முதல் மந்திரம். வராவிட்டால் இருபது அலைவுக்கான நேரத்தில் அரை வினாடி கூட்டியோ குறைத்தோ வரவழைக்கிறோம். யார் யார் என்று பெயர் சொல்லமாட்டேன். நானும் அவர்களில் ஒருத்தி. இதில் வேடிக்கை என்னவென்றால், பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும் நடுப்பகுதியில் சற்றுப் பருத்திருப்பதாலும், நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு முடுக்கம் குறையும். நெல்லையின் அகலாங்கு சுமார் 8.7 பாகை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இங்கே வர வேண்டியது 978 சொச்சம்தான்! சரியாக 978 கண்டவள் அதை அடித்துவிட்டு, 980 என்று எழுதி 'வெரிகுட்' வாங்குகிறாள்.

மறுநாள் நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்தேன். இடப்பக்கம் 'கண்டது', வலப்பக்கம் 'படித்தது'. அதன்பின் ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் போக நான் விடவில்லை. முதல் சில நாட்கள் இடப்பக்கம் மிக ஏழையாக இருந்தது. "மங்கல்", "மங்கல்தானா என்று ஐயம்", "இன்று எதுவும் தெரியவில்லை" என்பன போன்ற வரிகளே அங்கே இருந்தன.

காண்பதற்கு இருட்டு வேண்டும். எங்கள் ஊரில் இருட்டு என்ற பெயரோடு புகழ்பெற்றிருப்பது அல்வாக் கடை ஒன்றுதான்! கண் இருட்டுக்கு முழுவதும் பழக அரை மணி நேரம் ஆகும். அதற்குள் ஒரு விளக்கைப் பார்த்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. எங்கள் புறவாசல் விளக்கடியில்தான் இரவு பத்து மணி வரை அம்மா பீடி சுற்றுவாள். மடியில் சுளகு, அதில் தூளும் வெட்டிய இலையும் நூலும். நாளைக்கு ஆயிரம் பீடி கணக்குத் தீர்த்துக் காலையில் பீடிக்கடையில் கொடுத்தாக வேண்டும். அந்த விளக்கை எப்படி அணைக்கச் சொல்வது? இரண்டு நாள் கேட்காமலே இருந்தேன். மூன்றாம் நாள் அவளாகவே, "என்னட்டி, வெளக்குதானே ஒனக்கு எடஞ்சலு? அணைச்சுக்கோ. கை அறியும்லா" என்றாள். இலையை வெட்டத்தான் வெளிச்சம் வேண்டுமாம், சுற்றுவதற்கு வேண்டாமாம். அதுமுதல் இலை வெட்டுவதை ஒன்பது மணிக்குள் முடித்து வைத்துக்கொண்டு, பிறகு இருட்டில் உட்கார்ந்து சுற்றினாள்.

அவள் சுற்றுவதைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். கண் கையில் இராது. அடுத்த வீட்டு ஆச்சியிடம் பேசிக்கொண்டே சுற்றுவாள். மங்கலான நெபுலாவைப் பார்க்கும் வித்தையும் அதுவே. நேரே உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால் தோன்றும். விழித்திரையின் நடுவில் இருப்பவை கூம்புச் செல்கள். அவை நிறம் காணும். மங்கல் ஒளியில் பயன்படா. சுற்றிலும் இருப்பவை குச்சிச் செல்கள். இருட்டைக் காப்பவை அவையே. நேரே பார்க்காமல் பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

பங்குனியில் என்.ஜி.சி. 3242 கிடைத்தது. ஹைட்ரா என்னும் நீர்ப்பாம்பு மண்டலத்தில் உள்ளது. 1785இல் ஹெர்ஷல் கண்டது. 'வியாழனின் ஆவி' என்று அதற்குப் பெயர், ஏனென்றால் வானில் வியாழன் தெரிகிற அளவே அதுவும் தெரியும். 48 மடங்கில் சற்றுத் தடித்த மீன். 120 மடங்கில் சந்தேகத்துக்கே இடமில்லை: நீள்வட்டமான, பசுமை கலந்த நீல வட்டு. இடப்பக்கத்தில் முதன்முதலாக நிறம் என்ற சொல்லை எழுதினேன். அம்மாவை அழைத்துக் காட்டினேன். சுளகை இறக்கி வைத்துவிட்டு, மடியை உதறிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏட்டி, பீடிப் பொகை கணக்கால்லா இருக்கு" என்றாள்.

அம்மா எந்தப் புத்தகத்திலும் இதன் படத்தைப் பார்த்ததில்லை. அவளுக்கு வலப்பக்கம் கிடையாது, இடப்பக்கம் மட்டுமே. ஒரு விண்மீன் ஊதி விட்ட புகையைப் புகை என்றே சொன்னாள். என் நோட்டில் உள்ளவற்றுள் மிகச் சரியான வரி அதுவே என்பது என் கருத்து. தேதியிட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தப் பசுமைக்கு ஒரு கதை உண்டு. 1864 ஆகஸ்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹக்கின்ஸ் என்பவர் இத்தகைய நெபுலா ஒன்றின் ஒளியை நிறமாலைமானியில் பிரித்துப் பார்த்தார். விண்மீனைப் போலத் தொடர் நிறமாலை வரவில்லை. தனித்தனிக் கோடுகள் வந்தன. ஆகவே அது வாயு என்று தெரிந்தது. ஆனால் பளிச்சென்ற பச்சைக் கோடு எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. புதிய தனிமம் என்று கருதி நெபுலியம் எனப் பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் அது நியாயமான ஊகமே. 1868 ஆகஸ்ட் 18ஆம் நாள் நம் நாட்டில் குண்டூரிலும் பிற இடங்களிலும் முழுச் சூரிய கிரகணத்தைப் பார்த்தவர்கள், இனந்தெரியாத மஞ்சள் கோடு ஒன்றைக் கண்டார்கள். அது ஹீலியம் என்ற புதிய தனிமமாகவே முடிந்தது. நெபுலியமோ கடைசிவரை எந்த ஆய்வகத்திலும் கிடைக்கவில்லை. 1927இல் அமெரிக்காவில் ஐரா போவன் விடை கண்டார். அது நாம் மூச்சு விடும் ஆக்சிஜனேதான்! இரண்டு எலக்ட்ரானை இழந்த ஆக்சிஜன்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஒன்றுக்குப்பின் பத்தொன்பது சுழி போடும் அளவுக்கு மூலக்கூறுகள் உள்ளன. நெபுலாவிலோ சில ஆயிரம் துகள்களே. அங்கே கிளர்ச்சியுற்ற ஓர் அணு, இன்னொன்று வந்து மோதும்வரை நெடுநேரம் காத்திருக்கலாம். காத்திருந்து, இங்கே 'தடைசெய்யப்பட்ட' பச்சை ஒளியை அங்கே வெளிவிடுகிறது. அதன் அலைநீளம் 5007 ஆங்ஸ்ட்ராம். இருட்டுக்குப் பழகிய மனிதக் கண் மிக நன்றாக உணரும் அலைநீளமோ சுமார் 5070 ஆங்ஸ்ட்ராம். இரண்டும் இத்தனை அருகில் அமைந்தது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயல் இல்லாவிடில் என் புறவாசலிலிருந்து பாதி நெபுலாக்கள் தெரிந்திரா.

'தடைசெய்யப்பட்ட கோடு' என்பதைத் தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்திருந்தேன். அதன் பொருள் இப்போதுதான் விளங்கியது. இதைப் படிக்கும் பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். சிற்பங்களுக்குப் பேர்போன நம் கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. நம் தலைக்குமேல் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உயரத்தில், காற்று மிக மெலிந்த இடத்தில், சாதாரண ஆக்சிஜன் அணு இரவெல்லாம் 5577 ஆங்ஸ்ட்ராமில் மிக மங்கலாக ஒளிர்கிறது. அதுவும் தடைசெய்யப்பட்ட கோடே. அந்த ஒளியைக் கருவி வைத்துப் படம் எடுத்து ஆராய்கிறார்கள். சிற்பம் பார்க்கச் சுற்றுலா போன நம் வகுப்பில், அதை எண்ணி அண்ணாந்து பார்த்தவர் யாருமில்லை. நானும் பார்க்கவில்லை.

நம் ஊருக்கு வேறொரு பாக்கியம் உண்டு. அகத்தியர் பேரால் வழங்கும் மீன் தை, மாசி இரவுகளில் நம் தெற்கு வானில் நன்றாக மேலேறி வரும். இங்கிலாந்தில் அது எழுவதே இல்லை. வில்லியம் ஹெர்ஷல் தம் வாழ்நாளெல்லாம் இங்கிலாந்திலிருந்து வானத்தைத் துழாவியும், தெற்கே பெரும் பகுதி அவருக்கு எட்டவில்லை. அதற்காக அவர் மகன் ஜான் ஹெர்ஷல் 1833இல் மனைவி மக்களோடும் தொலைநோக்கியோடும் கப்பலேறி, தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போய் 1838 வரை தங்கிப் பார்த்தார். அங்கே அவர் கண்டுபிடித்தவற்றுள் என்.ஜி.சி. 3132, என்.ஜி.சி. 3918 என்று இரண்டு நெபுலாக்கள் உள்ளன. அவர் கடல் தாண்டிப் போய்க் கண்டதை, நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கண்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, இது நில அமைப்பு நமக்குத் தந்த கொடை. வட துருவ மீன் ஒன்பது பாகைக்கும் குறைவான உயரத்தில் நிற்கும் ஊரில், ஏறக்குறைய முழு வானமும் ஓராண்டில் நம்மைக் கடந்து போகிறது.

3132இன் நடுவில் ஒரு மீன் தெளிவாகத் தெரியும். அந்த மீன்தான் இந்த நெபுலாவை ஊதியது என்றே எவரும் நினைப்பார்கள். அது அன்று. அதற்குப் பக்கத்தில், என் தொலைநோக்கிக்கு எட்டாத அளவு மங்கலாக இன்னொரு மீன் இருக்கிறது. தன் உடம்பை இழந்து இந்த ஒளியைத் தந்தது அதுவே. 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியின் முதல் படங்கள் வெளிவந்தபோது, அவற்றுள் இந்த நெபுலாவும் ஒன்று. தூசியால் சூழப்பட்டிருந்த அந்த இரண்டாம் மீனைப் படத்தில் தெளிவாகக் காட்டினார்கள். என் நோட்டில் கண்டது: "நடுவில் ஒரு மீன்." படித்தது: "அது அல்ல." இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஒளி வந்துகொண்டிருக்கிறது. அது புறப்பட்ட காலத்தில் கொற்கையில் முத்துக் குளித்திருப்பார்கள்.

3918ஐக் கண்டுபிடிக்க நான்கு இரவுகள் ஆயின. தெற்கே திரிசங்கு மண்டலத்தின் பக்கத்தில், எங்கள் வானில் 24 பாகைக்கு மேல் ஏறாது. தென்னைக்கும் மதிலுக்கும் இடையே அது வந்து போகும் நேரம் அரை மணிதான். கடைசியில் கண்டது: சின்னஞ்சிறு நீலப் பொட்டு. எம் 57 என்னும் வளைய நெபுலாவைப் பார்க்கப் பங்குனிக் கடைசியில் விடிகாலை நாலரைக்கு எழுந்தேன். 120 மடங்கில் வளையம் வளையமாகவே தெரிந்தது. நடுவில் உள்ள மீன் தெரியவில்லை. தெரிந்தது என்று எழுத இம்முறை ஆசை வரவில்லை.

"இதைவிட அழகான வண்ணப்படம் செல்போனில் வருகிறதே, நீ ஏன் பனியில் நிற்கிறாய்?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. வெப் எடுக்கும் படம் அகச்சிவப்பில் எடுத்தது. நம் கண்ணுக்குத் தெரியும்படி பின்னர் நிறம் கொடுத்தது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. அது இல்லாவிட்டால் இரண்டாவது மீனை அத்தனை தெளிவாக யார் காட்டியிருப்பார்? ஆனால் படத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. பார்ப்பவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வில்லையில் கண்ணை வைத்தால், தெரிகிறதா, தெரியவில்லையா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்; அந்த முடிவுக்கு நாம்தான் பொறுப்பு.

"இதைப் பார்த்தால் வேலை கிடைக்குமா?" என்று வளவில் கேட்டார்கள். கிடைக்காது என்று உண்மையையே சொன்னேன்.

இந்தத் துறையில் நமக்கு முன்னோடி என்றால் எல்லாரும் சந்திரசேகரைச் சொல்வார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். அதுவும் நம்மைப் போல அரசுக் கல்லூரியே. 1930இல் பத்தொன்பது வயதில் கப்பலில் இங்கிலாந்து போகும்போதே, நெபுலாவின் நடுவில் மிஞ்சும் வெண்குள்ளன் எவ்வளவு கனக்கலாம் என்று கணக்குப் போட்டவர். சூரியனைப்போல் 1.44 மடங்கு என்ற அந்த எல்லை அவர் பெயராலேயே வழங்குகிறது. 1983இல் நோபல் பரிசு பெற்றார். அவரை வணங்குகிறேன். ஆனால் அவர் சி. வி. இராமனின் அண்ணன் மகன். வீடு முழுதும் புத்தகம் இருந்திருக்கும். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த எனக்கு இராதாகோவிந்த சந்திரா என்ற வங்காளியே நெருக்கமாகத் தெரிகிறார். 1878இல் பிறந்தவர். நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்று, ஜெசோர் அரசுக் கருவூலத்தில் நாணயம் சோதிக்கும் சிறு வேலை பார்த்தவர். இரவில் வீட்டிலிருந்தே மாறொளி மீன்களைப் பார்த்துக் குறித்து, அமெரிக்க மாறொளி மீன் நோக்கர் சங்கத்துக்கு அனுப்பி வந்தார். மொத்தம் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள்! அவற்றை நம்பியே 1926இல் அச்சங்கம் அவருக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை இரவலாக அனுப்பியது. அவருக்குப் பின் அது வைணு பாப்புவிடம் வந்து, கடைசியில் நம் தமிழ்நாட்டுக் காவலூர் வானாய்வுக்கூடத்தைச் சேர்ந்தது. அந்த மனிதர் வரவேண்டிய விடையைப் பார்த்து எழுதியிருந்தால், யாரும் அவருக்குத் தொலைநோக்கி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

விளக்கைப் பற்றியும் ஒரு சொல். முன்பு எங்கள் சந்தில் மஞ்சள் சோடியம் விளக்கு இருந்தது. நம் ஆய்வக விளக்கைப் போல, அதன் ஒளி பெரும்பாலும் 5890 ஆங்ஸ்ட்ராமை ஒட்டியே இருக்கும். நெபுலாவின் பச்சையை அது அதிகம் கெடுக்காது. இப்போது வெள்ளை எல்.இ.டி. வந்துவிட்டது. அதில் எல்லா நிறமும் உண்டு. நீலம் காற்றில் அதிகம் சிதறுவதால் வானமே வெளுத்துப் போகிறது. ஆனால் அந்த விளக்கை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கல்லூரி விட்டு, டியூஷன் எடுத்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு அந்தச் சந்தில் தனியாக நடந்து வருகிறவள் நான். விளக்கு வேண்டும், அது தரைக்கு வேண்டும். மேலே ஒரு தகரக் குடை கவிழ்த்தால் ஒளி முழுவதும் நடக்கிறவர் காலடியில் விழும். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தை 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்து, ஊர் மக்களுக்கே தொலைநோக்கிப் பயிற்சி கொடுத்து, விளக்குகளுக்கு மறைப்பும் போட்டிருக்கிறார்கள். டவுணை அப்படி ஆக்க முடியாது. ஆனால் எங்கள் சந்தில் உள்ள நான்கு விளக்குகளுக்குக் குடை போடலாம் அல்லவா?

கல்லூரியிடம் நான் கேட்பது அதைவிடச் சிறியது. மாதம் ஒரு நாள், அமாவாசையை ஒட்டி, அந்தத் தொலைநோக்கியை விளையாட்டுத் திடலில் இரவு ஒன்பது வரை வைக்க வேண்டும். மாணவியர் அம்மாவையோ ஆச்சியையோ அழைத்து வர அனுமதிக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி வகுப்பு வராது. ரெக்கார்டு நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்து, 'கண்டது' பக்கத்துக்குத் தனி மதிப்பெண் கொடுக்க வேண்டும். 978 என்று எழுதியவளுக்கும், "இன்று எதுவும் தெரியவில்லை" என்று எழுதியவளுக்கும் அந்த மதிப்பெண் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆனி பிறந்ததும் குற்றாலத்துச் சாரலோடு மேகமும் வந்துவிட்டது. தொலைநோக்கியைத் துடைத்து, குழாயின் வாயைத் துணியால் கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது மறுபடியும் ஸ்டோர் ரூமில், பலகை அலமாரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் தருவார்கள். பதிவேட்டில் என் பெயருக்குக் கீழே உள்ள வரி, நேற்று நான் பார்த்தபோதும் காலியாகவே இருந்தது.